பாதி பியூஸ்

எங்கள் ஊரில் உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்துக்கு பியூஸ் என்று பெயர். மலாய்ச் சொல்தான், ஆனால் தமிழர்களும் அப்படித்தான் சொல்வோம். பல் பிடுங்கினாலும் பியூஸ், கட்டி அறுத்தாலும் பியூஸ். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல் என்பதால் அதில் சிரிக்க ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் என் மனைவியை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், குழந்தை தலையை மேலே வைத்து உட்கார்ந்திருக்கிறது, இனிமேல் திரும்பாது என்றார். நாள் குறித்து வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம், முதுகில் ஊசி போட்டுப் பாதி பியூஸ் கொடுத்தால் போதும் என்றார். நான் அதை அப்படியே என் மனைவியிடம் சொன்னேன்.

"பியூஸா? நான் என்னங்க மெயின் போர்டா?" என்றாள் அவள்.

என்ன கேட்கிறாள் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். இதை மலாயில் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். மொழிபெயர்க்க லாயக்கில்லாத ஆள் நான் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் திண்டுக்கல் பக்கத்துப் பெண். திருமணமாகி இங்கே வந்து மூன்று வருடம். எனக்கு நாற்பத்தேழு, அவளுக்கு முப்பத்தெட்டு. பாசாரில் கீரை விலை கேட்கும் அளவுக்கு மலாய் கற்றிருந்தாள். அதற்கு மேல் என்றால் பெனோ என்ற ஒரு சொல் தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றப் போகும்போது நான் கவுண்டரில் பெனோ என்று சொல்வேன். நிறைய ஊற்று, முழுசாக ஊற்று என்று பொருள். அது மட்டும் அவளுக்குப் பிடித்துப்போய், சாப்பிட்டு முடித்ததும் வயிற்றைத் தட்டி "பெனோ" என்பாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து அவளுக்கு விளக்கினேன். பாதி பியூஸ் என்றால் நெஞ்சுக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும், நீ முழித்துக்கொண்டு இருப்பாய், நானும் உன் தலைமாட்டில் உட்காரலாம். முழு பியூஸ் என்றால் தூங்க வைத்துவிடுவார்கள், என்னையும் உள்ளே விடமாட்டார்கள்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்ப எனக்குப் பாதிதாங்க வேணும்" என்றாள். "எங்கக்காவுக்கு முழுசா மயக்கம் குடுத்துத்தான் எடுத்தாங்க. கண்ணு முழிக்கறதுக்குள்ள மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாரும் பிள்ளையப் பாத்தாச்சு. பெத்தவ கடைசி. பன்னெண்டு வருசமாச்சு, இன்னும் சொல்லிச் சொல்லி அழுவா. என் பிள்ளை அழுறத நாந்தான் மொதல்ல கேக்கணும்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா, முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் இடுப்பு வலி என்று பயமுறுத்திவிட்டுப் போனார். என் மனைவி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, "இடுப்பு வலிச்சா நீங்க தேய்ச்சு விடுங்க. அழுகைய நான் விடமாட்டேன்" என்றாள்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் கலக்குகிறவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்ததோடு சரி. எனக்குக் கூச்சம் அதிகம். கலக்கும் வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேசைக்கு ஆள் போய் ஆர்டர் எடுத்துக் கூவுவார், நான் கலக்கித் தள்ளிவிடுவேன், யாரோடும் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இருபத்தைந்து வருடம் கொதிக்கும் குவளையைப் பிடித்துப் பிடித்து என் வலது கை விரல் நுனிகளில் சூடு ஏறுவதில்லை. அவள் வயிற்றில் கை வைத்துக் குழந்தை உதைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க கைக்கு என்னங்க தெரியும், சுடுறதே தெரியாது" என்று கிண்டல் செய்வாள். சூடுதான் தெரியாது, உதை நன்றாகவே தெரியும்.

குறித்த நாளில் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் ஆறு மணிக்கே போய்விட்டோம். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். வார்டில் இருந்த நர்ஸ், மலாய்க்காரப் பெண், என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், முதல் பேரப்பிள்ளையா?" என்று கேட்டாள்.

"இல்லை, முதல் பிள்ளை" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு அந்த வார்டில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கட்டைவிரலைக் காட்டினார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஊசி போட்டு முடித்த பிறகுதான் கணவனை உள்ளே கூப்பிடுவார்களாம். ஆனால் அன்றைக்கு அறுவை அறையில் இருந்திருக்க வேண்டிய தமிழ் நர்ஸை வேறு ஓர் அவசரத்துக்கு அழைத்துவிட்டார்கள். என் மனைவியிடம் பேச ஆள் இல்லை. நீல உடுப்பும் தொப்பியும் முகக்கவசமும் கொடுத்து என்னை முன்னதாகவே உள்ளே விட்டார்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும், "உங்களப் பாத்தா நீங்கதான் ஆபரேசன் பண்ணப் போற மாதிரி இருக்கு" என்றாள். குரல் நடுங்கியது. அறை அவ்வளவு குளிர்.

ஊசி போடும் டாக்டர் ஒரு சீனர், என் வயதிருக்கும். முதுகை நன்றாக வளைக்க வேண்டும், இறாலைப் போல வளைந்து அசையாமல் இருக்க வேண்டும் என்று மலாயில் சொன்னார்.

"இறா மாதிரி வளையணுமாம்" என்றேன்.

"வறுத்ததா, கொழம்புல போட்டதா? வயித்துல ஒரு ஆளு உக்காந்திருக்கு, நான் எங்கங்க வளையறது?"

இருந்தாலும் வளைந்தாள். தலையணையைக் கட்டிக்கொண்டு நெற்றியை என் மார்பில் முட்டிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். முதுகுப் பக்கம் டாக்டர் என்ன செய்கிறார் என்று எனக்கும் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது.

"ஸ்ஸ்... ஐஸாட்டம் எதையோ தடவுறாங்க."

பிறகு, "கட்டெறும்பு. ஒரு கடி. எரியுது... போயிருச்சு."

 தலையணையைக் கட்டியிருந்த அவள் கை இறுகியது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலின்னு சொல்ல முடியல. எலும்புல கட்டைவெரல வச்சு அமுக்குற மாதிரி." திடீரென்று உடம்பு துள்ளியது. "இடது கால்ல ஷாக் அடிக்குதுங்க! பியூஸ்னு சொன்னப்பவே நெனச்சேன்!"

இடது காலில் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கிறதாம் என்று சொன்னேன். டாக்டர், அது நடப்பதுதான், அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊசியைக் கொஞ்சம் மாற்றினார். அடுத்த நிமிடம் என் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் விரிந்திருந்தன.

"வெந்நீர்! யாரோ வெந்நீர் ஊத்துறாங்க. இடுப்புலேர்ந்து எறங்குது... தொடைக்கு வந்துருச்சு... ஏங்க, நான் ஒண்ணுக்குப் போயிட்டனா? பாருங்க."

எட்டிப் பார்த்தேன். விரிப்பு காய்ந்துதான் இருந்தது. "ஒன்னும் இல்ல, மருந்து வேலை செய்யுதுலா" என்றேன்.

உடனே அவளைப் படுக்க வைத்து, நெஞ்சுக்கு நேராகத் துணியால் ஒரு திரை கட்டினார்கள். என்னைத் தலைமாட்டில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் கால் விரலை ஆட்டிப் பார்க்க முயன்றாள். "சொன்னா கேக்க மாட்டேங்குது. பக்கத்துல வேற யாரோ கால நீட்டிப் படுத்திருக்கற மாதிரி இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பயத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் தவறு செய்தேன்.

டாக்டர் கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு எடுத்து வந்து அவள் தொடையில் வைத்தார். சில்லென்று இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் அவளிடம், "தெரியுதா?" என்றேன்.

"தெரியுது" என்றாள்.

"ராசா, டாக்டர்" என்றேன். உணர்கிறாள் என்று பொருள்.

வயிற்றில் வைத்தார். "தெரியுதா?" "தெரியுது." "ராசா." விலாவில் வைத்தார். "தெரியுது." "ராசா, டாக்டர்." அந்தச் சொல்லை நான் கடையில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சுவை, உணர்ச்சி எல்லாவற்றுக்கும் மலாயில் அதே சொல். தேநீர் ருசி சரியா என்று கேட்பதும் அப்படித்தான். வாயில் சுலபமாக வந்துவிட்டது.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. கட்டிலைத் தலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்தார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். மறுபடியும் ஐஸ், மறுபடியும் தெரியுதா, மறுபடியும் தெரியுது, மறுபடியும் என் ராசா. காலைத் தூக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. கால் அசையவில்லை, ஆனால் குளிர்ச்சி தெரிகிறதாம், இது என்ன கணக்கு என்பது போல அவர் அறுவை செய்யும் டாக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். அந்த அம்மா கையில் எதையும் எடுக்காமல் கைகட்டி நின்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், மருந்து சரியாக ஏறவில்லை போலிருக்கிறது. பியூஸ் பெனோ கொடுக்க வேண்டி வரலாம். அங்கிள் வெளியே இருக்க வேண்டும்."

பெனோ என்ற சொல் என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"பெனோவா? முழுசாவா? ஏங்க, என்ன சொல்றாங்க? தூங்க வைக்கப் போறாங்களா?" கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "எனக்கு வலியே இல்லைன்னு சொல்லுங்க. கைய வைக்கறது தெரியுது, அவ்வளவுதான். நீங்க கேட்டீங்க, நான் தெரியுதுன்னேன்."

கை வைப்பது தெரிகிறது, அவ்வளவுதான். நான் என் வலது கையைப் பார்த்தேன். கொதிக்கிற குவளையைப் பிடித்தால் குவளை தெரியும், சூடு தெரியாது. அவள் வயிறும் இப்போது என் விரல் மாதிரி. டாக்டர் கேட்டது ஐஸை. நான் கேட்டது கையை.

எனக்கு டாக்டர்களிடம் தானாக வாய் திறந்து பழக்கமில்லை. கேட்டால் பதில் சொல்வேன். அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாரும் படித்தவர்கள், வேலையில் இருந்தார்கள். நான் முக்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். "டாக்டர், சயா சிலாப்" என்றேன். தவறு என்னுடையது என்று அர்த்தம். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அறையே திரும்பிப் பார்த்தது.

பிறகு நிறுத்த முடியவில்லை. தமிழில் நான் கேட்ட கேள்வி தப்பு என்றேன். நான் தேநீர் கலக்குகிறவன், என் விரலைப் பாருங்கள் என்று நீட்டினேன். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது, அவளுக்கும் அப்படித்தான், தொடுவது தெரிகிறது, குளிர்ச்சி தெரிகிறதா என்று நான் கேட்கவே இல்லை என்றேன். மூச்சு வாங்கியது.

டாக்டர் என் விரலையும் என் முகத்தையும் பார்த்தார். ஐஸை எடுத்து முதலில் அவள் தோளில் வைத்தார்.

"சில்லுன்னு இருக்கா?" என்றேன்.

"ஐயோ, ஆமா! விறைக்குது!"

வயிற்றில் வைத்தார். "இப்ப?"

"எங்க வச்சாரு? சில்லுன்னு ஒண்ணும் இல்லியே. யாரோ வெரல வச்ச மாதிரி இருக்கு."

விலா. இல்லை. மார்புக்குக் கீழே. இல்லை. அறுவை செய்யும் அம்மா திரைக்கு அந்தப் பக்கம் இடுக்கியால் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாராம். என் மனைவியின் இமைகூட அசையவில்லை. டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

"அங்கிள்," என்றார் அவரும் மலாயில், "தேநீரில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டால், கிளாஸ் இருக்கிறது என்கிறீர்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் காது சூடேறியது. ஆனால் அந்தச் சிரிப்பைப் போல் இனிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. "வெளிய போகச் சொல்றாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். "இல்ல. பாதியே போதுமாம்" என்றேன்.

ஆரம்பித்தார்கள். அவளுக்குப் பல் தந்தியடித்தது, குளிரா மருந்தா தெரியவில்லை. ஒரு தரம் குமட்டியது. டாக்டர் குழாயில் ஏதோ மருந்தைச் செலுத்தியதும் அடங்கியது. பிறகு கண்ணை உருட்டிக்கொண்டு, "ஏங்க, நான் மூச்சு விடறனா? நெஞ்சு ஏறி எறங்கறதே தெரியல" என்றாள். அதைச் சொன்னதும் டாக்டர், நெஞ்சு மரத்திருப்பதால் அப்படித்தான் தோன்றும், பேச முடிகிறதென்றால் மூச்சு விடுகிறாள் என்றுதான் பொருள், ஆகவே அவளோடு பேசிக்கொண்டே இருங்கள் என்றார்.

பேசு என்று என்னைச் சொல்கிறார்.

எதைப் பேசுவது? கடையைத்தான் பேசினேன். தினமும் பத்து மணிக்கு வந்து, சீனி போடாத மாதிரி போட்டு ஒரு தேநீர் என்று கேட்கிற பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நான் சீனி போடாமலே கரண்டியை வெறுமனே ஆட்டிச் சத்தம் மட்டும் காட்டுவதைச் சொன்னேன்.

"பாவம்ங்க, ஏமாத்துறீங்களே!"

"டாக்டர் அவருக்கு சீனி கூடாதுன்னு சொல்லிட்டாருலா. அவரு மனைவி வந்து காதோட சொல்லிட்டுப் போனாங்க."

"உள்ள ஏதோ செய்றாங்க" என்றாள் நடுவில். "வலி இல்ல. கைப்பைக்குள்ள சாவி தேடுற மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் இழுக்கறாங்க, அந்தப் பக்கம் இழுக்கறாங்க. நீங்க சொல்லுங்க, நிறுத்தாதீங்க."

நான் நிறுத்தவில்லை. பால் டப்பா திறக்கும் விதம், மழை நாளில் எந்த மேசையில் ஒழுகும், முதலாளி எப்படித் தும்முவார், எல்லாம் சொன்னேன். மூன்று வருடத்தில் அவளிடம் சொல்லாததையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். யாரோ நெஞ்சுப் பக்கம் பலமாக அழுத்தினார்கள். "ஏறி உக்காந்துட்டாங்க போல" என்று அவள் முனகினாள். நான் பயத்தில் இன்னும் வேகமாகப் பேசினேன். தேநீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றினால் நுரை நிற்கும் என்று கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க," என்றாள், "கொஞ்சம் பேசாம இருங்க."

வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. வாயை மூடினேன்.

முதலில் ஒரு விக்கல். பிறகு தண்ணீர் குடித்துப் புரையேறியது போல ஒரு சின்ன இருமல். அதற்குப் பிறகு, எண்ணெய் போடாத இரும்புக் கதவைத் திறந்தது போல, அறை முழுக்க ஒரே கீச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்த பிடி தளரவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் சாய்த்திருந்தாள். யாரோ பெண் குழந்தை என்று மலாயில் சொன்னார்கள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். "உஷ்" என்றாள். அழுகை ஒரு சுற்று முடியும் வரை என்னைப் பேசவிடவில்லை.

பிற்பகல் வார்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் அக்காவுக்கு வீடியோவில் அழைக்கச் சொன்னாள். அவள் இடுப்புக்குக் கீழே இன்னும் யாரோ ஒருவருடைய காலாகவே கிடந்தது. அக்கா குழந்தையைப் பார்க்கும் முன்பே கேட்டது அதைத்தான்.

"முழிச்சிருந்தியாடி? அழுகையக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா. நாந்தான் மொதல்ல."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எப்படிடி அழுதுச்சு? சொல்லு" என்றார்.

அவள் செய்து காட்டப் பார்த்தாள். தொண்டை கட்டியிருந்தது, சத்தம் வரவில்லை. போனை என் பக்கம் திருப்பினாள். "இவரு செஞ்சு காட்டுவாரு. இன்னிக்கு நல்லாப் பேசறாரு."

அந்த அறையில் நான்கு கட்டில்கள். ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு குடும்பம், விருந்தாளிகள், பூங்கொத்துகள். என் மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். போனில் அக்கா காத்திருந்தார்.

நான் ஒரு விக்கல் விட்டேன். பிறகு சின்னதாக இருமினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் கதவைத் திறந்தேன்.

திரையை விலக்கிக்கொண்டு காலையில் பார்த்த நர்ஸ் ஓடி வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள், குழந்தை தூங்கியது. சுற்றிலும் பார்த்தாள்.

"அங்கிள், யார் அழுதது?"

நான்தான் என்று சொன்னேன்.